மலைப்பல்லித் தொட்டி

அண்ணன் தீபாவளி லீவில் வந்து இறங்கியபோது தோளில் டிரங்குப் பெட்டியும் கையில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனும் இருந்தன. எண்ணெய்தான் வாங்கி வந்திருக்கிறான் என்று அம்மா அந்தக் கேனைக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்தாள். உள்ளே ஏதோ புரண்டது. கேனின் மேல்பக்கத்தில் ஆணியைச் சூடுபண்ணிக் குத்திய ஓட்டைகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கையைச் சேலையில் துடைத்தபடி இரண்டடி பின்னால் போனாள்.

“என்றா சாமி இது? உள்ள உசுரு கெடக்குதாட்ட இருக்குது?”

அண்ணன் சிரித்தான். அவன் பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டார்ஜிலிங் பக்கம் ஒரு மலைமுகாமில் இருந்தான். முகாமுக்குக் கீழே இருந்த குட்டையில் பொழுதுபோகாமல் இரண்டைப் பிடித்தானாம். மூன்று நாள் ரயிலில் உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினான். கேனைக் கத்தியால் அறுத்து வாளியில் கவிழ்த்தான்.

விலங்கியல் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக மட்டும் நான் பார்த்திருந்த சாலமாண்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பல்லியின் உடம்பு, தவளையின் ஈரத்தோல், தட்டைத் தலை. உடம்பு கரும்பழுப்பு. முதுகின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக ஒரு வரிசை. நான் வாளியோடு ஒட்டிக்கொண்டேன். இவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் பிடித்திருப்பான், நானும் வைத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் பத்துக் குடித்தனங்கள் இருந்த ஒரு லைன் வீட்டில் நாங்கள் கடைசி வீடு. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் ஷிப்டு வேலைக்குப் போனாள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பிளஸ் டூ, உயிரியல் குரூப், வாய் கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டில் அண்ணன் வந்தால் கறிக்குழம்பு, அண்ணன் போனால் ரசம். அவன் இல்லாத நாட்களில் அம்மா இருப்பாள், நான் இருப்பேன், ஆனால் வீட்டில் யாரோ இருப்பதாக அம்மா நினைத்த மாதிரி தெரியாது. இதில் எனக்குப் பொறாமை இருந்தது. மறைப்பானேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது வாளியை எட்டிப் பார்த்து அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: “செத்துப்போச்சுன்னா குப்பையில போட்டுரு அம்மணி. இதுக்கெல்லாம் வெசனப்பட்டுட்டு இருக்காத.”

எனக்கு அவை சாகக் கூடாது. அவ்வளவு தெளிவாக நான் அதுவரை எதையும் ஆசைப்பட்டதில்லை.

பின்பக்கம் குளியலறைச் சுவரை ஒட்டி, துணி ஊறவைக்கும் சிமென்ட் தொட்டி ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு இருந்ததால் நேர் வெயில் விழாது. விரிசலில் எம்-சீல் வைத்து அழுத்தி, அதன்மேல் சிமென்ட் குழைத்துப் பூசினேன். புதுச் சிமென்டில் சுண்ணாம்பு இறங்கும், தண்ணீரில் கை வைத்தாலே வழவழக்கும். மீன் வளர்க்கிறவர்கள் செய்வதுபோல வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, மூன்று நாளைக்கொருமுறை கொட்டி, மறுபடி போட்டேன். பத்து நாளில் தண்டு கறுத்து நாறியது. லைன் முழுக்கத் திட்டினார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு நாக்கால் தொட்டுப் பார்த்தேன். காரம் போயிருந்தது.

ஒரு பக்கம் கூழாங்கல்லை உயரமாகக் குவித்து அதன்மேல் உடைந்த ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தேன், ஒளிந்துகொள்வதற்கு. மறுபக்கம் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்க ஒரு சரிவு. மூடிக்குக் கொசுவலைக் கம்பியைப் பழைய ஜன்னல் சட்டத்தில் அடித்து, நான்கு மூலையிலும் செங்கல். தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் எப்போதும் கசகசவென்று ஈரமாக இருக்கும் இடத்தைத் தோண்டினால் மண்புழு கிடைக்கும். ஈர்க்குச்சி நுனியில் புழுவைக் கோத்து முகத்துக்கு முன்னால் ஆட்டினால், பெரியது யோசித்து யோசித்து வந்து, கடைசியில் திடீரென்று கவ்வும். சின்னது என் விரலையும் சேர்த்துக் கவ்வும். பல் இருப்பதே தெரியாது.

சண்டை தண்ணீரில் வந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் அவை வாயைத் திறந்தபடி மேலேயே மிதந்தன. எனவே குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, பிளீச்சிங் வாடை போக ஒருநாள் திறந்துவைத்து, பிறகு ஊற்றினேன். நாலு நாளைக்கொருமுறை வரும் தண்ணீர், வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர். கோயமுத்தூரில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் சொம்பில் அதைக் கொடுத்துவிட்டு, குடித்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். அதைப் பல்லிக்கு ஊற்றினால் எந்த அம்மாதான் பொறுப்பாள்.

“குடிக்கற தண்ணிய ஊத்தறியா கண்ணு? பல்லிக்கு? சோத்துல உளுந்தா சோறே வெசமாயிரும், அதுக்குப் போயி நல்ல தண்ணி. மார்கழி பொறக்கறதுக்குள்ள இது ரெண்டும் ஊட்ட உட்டுப் போயிரோணும். ஆமா.”

அவள் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். மார்கழிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் அண்ணனின் கடிதம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக்காட்டுவது நான்தான். வீட்டுச் சமாசாரத்தை வெளியாள் படிக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. அண்ணன் எழுதுவதோ இன்லண்ட் காகிதத்தில் நாலு வரி. நலம். இங்கு குளிர் அதிகம். டூட்டி அதிகம். லீவு எப்போது என்று தெரியவில்லை. அதற்காக அம்மா இரண்டு மாதம் காத்திருந்திருப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்காருவாள். நாலு வரியில் முடித்துவிட்டால், “அவ்வளவுதானா?” என்று கேட்கிற அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், முதல் கடிதத்திலிருந்தே நான் ஒன்றிரண்டு வரி சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன். அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா. நைட் ஷிப்டு முடிந்து நடந்து வராமல் பஸ்ஸில் வரச்சொல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது. அம்மா காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். “சாப்புடறேன் சாமி. பஸ்ஸுலதான் வாரேன்.” அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. சப்பென்று இருக்கும் குழம்பில் உப்புப் போடுகிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தில் நான் சேர்த்தது வேறு மாதிரி. கண்ணை எடுக்காமல், வேகத்தைக் குறைக்காமல் படித்தேன்: “அம்மா, அந்த இரண்டு பல்லியையும் பத்திரமாகப் பார்த்துக்கொள். அவை நன்றாக இருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று இங்கே மலைக்காரர்கள் சொல்கிறார்கள்.”

அம்மா எழுந்து பின்பக்கம் போனாள். கம்பி வலை வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, எங்கள் குடிதண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அடுத்த மாதமே தொட்டி என் கையை விட்டுப் போனது. காலை ஷிப்டு என்றால் கிளம்பும் முன், இரவு ஷிப்டு என்றால் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், முதலில் தொட்டிக்குத்தான் போவாள். மண்புழு தோண்டினாள். என்னைவிட நன்றாக ஊட்டினாள். ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தால், வெளியே வரும்வரை பக்கத்தில் குந்தியிருந்து, “ஏஞ் சாமி, மொகத்தக் காட்டு, ஆத்தா வேலைக்குப் போகோணுமில்ல” என்று கெஞ்சினாள். பெரியதுக்கு அண்ணனின் செல்லப்பெயரை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தாள். அதைக் கேட்ட அன்று நான் தொட்டிப் பக்கம் போகவில்லை.

“இன்னைக்கு பெருசு புழுவ மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு கண்ணு. அவனுக்கு அங்க மேலுக்குச் சொகமில்லியோ என்னமோ.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அதுக்குப் பசியில்ல.”

“உனக்கென்ன தெரியும்.”

உண்மையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை வாய் வரை வந்தது. சொன்னால் தொட்டி போய்விடும் என்ற பயம் முதலில் இருந்தது. பிறகு அந்தப் பயம் மாறி, சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்ற பயம் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நாளை வந்தால் பரீட்சை.

மாசியில் வந்த கடிதத்தில் அண்ணன் தன் பிரிவை காஷ்மீருக்கு மாற்றுவதாக எழுதியிருந்தான். இதை நான் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் இன்னொன்றுக்கு இடமில்லை. அம்மாவுக்கு காஷ்மீர் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் ரேடியோ செய்தியில் அந்தப் பெயர் எதற்காக வருகிறது என்று தெரியும். அன்றிலிருந்து செய்தி நேரத்தில் ரேடியோவை அணைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. பங்குனி போனது. சித்திரை பிறந்தது. தபால்காரர் எங்கள் லைனில் நுழைந்து ஏழாவது வீட்டோடு திரும்பிப் போவார். நான் இரண்டு கடிதம் போட்டேன், ஊர்ப் பெயர் இல்லாத, வெறும் எண்கள் மட்டும் இருக்கிற அந்த முகவரிக்கு. பதில் இல்லை. அம்மா என்னிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்க வேண்டியதைத் தொட்டியிடம் கேட்டுக்கொண்டாள்.

அந்த வருட வெயில் மோசம். ஆஸ்பெஸ்டாஸ் மதியத்தில் பொரிந்தது. குளிர்மலையில் பிறந்த உயிர்கள் அவை, தண்ணீர் வெதுவெதுப்பானால் தாங்காது என்று எனக்குத் தெரியும். தொட்டியில் தெர்மாமீட்டர் வைக்கவில்லை, என் உள்ளங்கைதான். மதியம் கை வைத்தால் பகீரென்றது. மில் போகும் வழியில் இருந்த சோடாக் கடையிலிருந்து அம்மா ஐஸ் கட்டியை மரத்தூளோடு சாக்கில் சுற்றித் தலையில் வைத்து எடுத்துவருவாள். தண்ணீர் அவள் முதுகில் வழிந்திருக்கும். பாலிதீன் பையில் ஐஸைப் போட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டால், இரண்டும் அதை ஒட்டி வந்து கிடக்கும். ஒருமணி நேரம். பிறகு மறுபடி வெதுவெதுப்பு.

சித்திரை நடுவில் அவற்றின் தோல் உரிந்தது. வெள்ளையாகச் சவ்வு மாதிரி வாய் ஓரத்திலும் கழுத்திலும் தொங்கியது. முதுகுக் கொப்புளங்கள் புதுத்தோலில் முன்னைவிடச் சிவப்பாகப் பளபளத்தன. எங்கள் லைனில் அப்போது இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு அம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தது. பெண்கள் விடிகாலையில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு போய் கம்பத்துக்கு ஊற்றிவிட்டு வந்தார்கள். அம்மாவும் போனாள்.

இந்த நேரத்தில் காங்கேயத்தில் அத்தை மகளுக்குச் சீர் விசேஷம். வீட்டிலிருந்து யாராவது போயாக வேண்டும். அம்மா வரமாட்டேன் என்றாள்.

“நீ போயிட்டு வா அம்மணி. இதுகள உட்டுட்டு நா எங்கயும் வாரதில்ல. பாரு, மேலெல்லாம் எப்படிச் செவந்து கெடக்குதுன்னு.”

“தோலு உரிக்குதும்மா. அதுங்க அப்படித்தான்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலை பின்னிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். சாலமாண்டர் அவ்வப்போது தோலை உரித்துப் போடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். மார்க் வாங்குவதற்காக அதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்.

காங்கேயத்தில் இரண்டு நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் இறங்கி லைனுக்குள் நுழைந்தேன். முதல் வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “மேலுக்கு ஊத்திட்டு உள்ள போ கண்ணு” என்று மட்டும் சொன்னாள். எங்கள் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. வாசலில் சாணிக்குப் பதில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அம்மாவுக்கு அம்மை என்று நினைத்தேன். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே ஓடினேன். வீட்டில் தாளித்த வாசனை இல்லை. அடுப்பில் வெறும் கஞ்சி. பாய் விரிக்கப்படவில்லை.

அம்மா பின்பக்கம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மேலில் ஒரு கொப்புளமும் இல்லை. தலை குளிக்காமல், எண்ணெய் வைக்காமல், முடி பரட்டையாக இருந்தது. மூடி கழற்றிச் சுவரில் சாய்க்கப்பட்டிருந்தது. தொட்டித் தண்ணீர் மஞ்சள். அதன்மேல் கனமாக வேப்பிலை. கூழாங்கல் மேட்டில் வேப்பிலையைப் பாயாகப் பரப்பி, அதன்மேல் இரண்டையும் பக்கம் பக்கமாகக் கிடத்தி, அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் முதுகில் பூசியிருந்தாள். வால்கள் நேராக இருந்தன. உயிருள்ளபோது அவை அப்படி நேராக இருந்ததில்லை.

“மாரியாத்தா வந்துட்டா கண்ணு,” என்றாள். குரலில் அழுகை இல்லை. “நீ போன அன்னைக்கே மேலெல்லாம் முத்துப் போட்டுருச்சு. மூணாந் தண்ணி ஊத்திப்போட்டா ஆத்தா எறங்கிருவான்னு இருந்தேன். காலைலதான் தண்ணி ஊத்துனேன். சின்னது அப்பவே போயிருச்சு. அவன் மத்தியானம் வரைக்கும் இருந்தான்.”

அவன் என்றாள்.

வேப்பிலையா, மஞ்சளா, வெயிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றுமாகவும் இருக்கலாம். நான் அங்கேயே, ஈரப்பாவாடையோடு, தரையில் உட்கார்ந்து சொன்னேன். அண்ணன் அப்படி எழுதவே இல்லை. பல்லியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ தூக்கிப் போட்டுவிடுவாய் என்று நான்தான் சேர்த்துப் படித்தேன். மலைக்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு விடாமல் சொன்னேன்.

அம்மா என் ஈரத்தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

“என்னையத் தேத்தறதுக்குன்னு பொய் சொல்லாத கண்ணு,” என்றாள்.

பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்து வரிவரியாக விரல் வைத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். அவளுக்கு அது நீலக் காகிதத்தில் கறுப்புக் கோடுகள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல் என்று கத்தினேன். “சாவு ஊட்டுக் காயிதத்த ஊரே படிக்கோணுமா?” என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டபிறகு கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் எதிரிக்கும் வரக் கூடாது. அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள். நான் போட்ட சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணன் விட்டுப்போன சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, மடித்து, திரும்ப உள்ளேயே வைத்தாள். அவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினாள். லைனில் இருந்தவர்களுக்கு அவளுக்கு அம்மை வந்து இறங்கிவிட்டது என்று எண்ணம். இளநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டாள். மில்லில் வைண்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே நூலை விட்டுவிட்டு நின்றுவிடுகிறாள் என்று கூட வேலைசெய்யும் ஒரு அக்கா வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் நிஜமாகவே செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று நானும் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதற்கும் என் வாய்தான் காரணம் என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

பதின்மூன்றாம் நாள் தபால்காரர் ஏழாவது வீட்டைத் தாண்டி வந்தார்.

அவன் கையெழுத்து. நான் கூவிக்கொண்டே கிழித்துப் படிக்க ஆரம்பித்தேன். “அன்புள்ள அம்மாவுக்கு, நலம்...” அதற்குமேல் படிக்கவிடாமல் அம்மா காகிதத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்தாள். நான் படிப்பதை இனி அவள் நம்பமாட்டாள் என்பது அதில் தெரிந்தது. நான் சொன்ன உண்மையையும் நம்பவில்லை, நான் படிக்கிற உண்மையையும் நம்பவில்லை. இரண்டுமே அவளைத் தேற்றுவதற்கான பொய்யாக இருக்கலாமே.

வீட்டு விஷயத்தை வெளியாள் கையில் தராத அம்மா, நேராகத் தெருமுனைத் தையல் கடைக்குப் போனாள். அங்கே தைக்கிறவரை எல்லோரும் பாய் என்போம். என் பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம் அவர் தைத்ததுதான். நான் பின்னாலேயே போய்க் கடைக்கு வெளியே நின்றேன்.

“ஏனுங்க பாய், இதச் சித்தே படிச்சுச் சொல்லுங்க. உள்ளது உள்ளபடி.”

அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்தார். நலம். வேறு இடத்துக்கு வந்துவிட்டோம். பனியால் ஒன்றரை மாதம் தபால் போகவில்லை. டூட்டி அதிகம். லீவு ஆவணியில் கிடைக்கலாம். இப்படிக்கு.

அம்மா கடையின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாய் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். அவள் உட்காரவில்லை.

“நல்லாத்தான இருக்கான்? அவன் எழுதுனதுதானுங்களே?”

“நல்லா இருக்காருங்க அக்கா. கையெழுத்துகூடப் போட்டிருக்காருங்களே.”

“பல்லியப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?”

“எந்தப் பல்லிங்க?”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் பை. இரண்டு வருடக் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. பாய் முன்னால் மெஷின் மேல் கொட்டினாள்.

“எல்லாத்தையும் படிங்க.”

பாய் படித்தார். முதல் கடிதத்தை முடித்ததும் அம்மா, “அவ்வளவுதானுங்களா?” என்றாள். இரண்டாவதை முடித்ததும் கேட்டாள். மூன்றாவதில் பாய்க்கு ஏதோ புரிந்துவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். அவரும் ஒரு வரி சேர்த்துப் படித்துவிடுவாரோ என்று நான் வேண்டிக்கொண்டேன். அவர் நேர்மையான மனிதர். குளிர் அதிகம். டூட்டி அதிகம். லீவு தெரியவில்லை. எல்லாக் கடிதமும் அப்படித்தான் இருந்தது. முழங்கால் எதிலும் இல்லை. பஸ் எதிலும் இல்லை. கடைசியில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கடுகு தாளித்து ரசம் வைத்தாள். எனக்கும் தனக்கும் தட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவள் கேட்டாள்.

“சாப்புட்டியா, காலு நோவுதான்னு கேட்டதெல்லாம் நீயா?”

தலையாட்டினேன்.

“இந்தா, பக்கத்துலயேதான இருந்த,” என்றாள். “காயிதத்தப் பாக்காம, என்ற மொகத்தப் பாத்து ஒருக்காக் கேட்டிருக்கலாமில்ல கண்ணு?”